இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லியின் விலை ஒரு நாள் முழுவதும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. விடியற்காலையில் வரத்து குறைவாக இருந்தால் ஒரு விலை. உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்து மூட்டைகள் வந்து இறங்கியதும் வேறு விலை. மறுநாள் முகூர்த்தம் என்றால் அதற்கும் மேலே ஒரு விலை. கமிஷன் கடைக்கு மென்பொருள் எழுதுகிறவருக்கு இந்த வேலை ஒரே வரியில் அடங்கிவிடுவதுபோல் தெரியும்: இன்றைய தேதிக்கு மல்லியின் விலை டேட்டாபேஸ் அட்டவணையில் இருந்தால் திருத்த வேண்டும், இல்லையென்றால் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். செலக்ட் கட்டளையால் தேடிப் பார்த்துவிட்டு, இன்சர்ட் கட்டளையால் சேர்த்தால் போதாதா? ரிப்ளேஸ் கட்டளை சுருக்கமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா? மெர்ஜ்தான் முறையானது என்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா? இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எழுதப்போவது நிலையா, நிகழ்ச்சியா என்று பாருங்கள். மல்லியின் இப்போதைய விலை ஒரு நிலை. புதிய விலை வந்தால் பழையதன்மேல் எழுதலாம். ஒரு விவசாயி இன்று காலை இத்தனை கிலோ இறக்கினார் என்பது ஒரு நிகழ்ச்சி. அதன்மேல் வேறொன்றை எழுதினால் அவருடைய பணத்துக்கான ஆதாரமே அழிந்துவிடும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள ஆறு வழிகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

அளவுகோல்கள்

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் எடைபோடுகிறேன்.

ஒரே நொடியில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும்? அதே கட்டளை இரண்டாவது முறை ஓடினால் முடிவு மாறுமா? மார்க்கெட் நெரிசலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது, பதில் வராத செயலி அதே தகவலை மறுபடி அனுப்பும். முதல் முறையே அது பதிவாகியிருக்கலாம். பழைய பதிவின் எண்ணும், உருவான நேரமும், அதைச் சார்ந்து நிற்கும் மற்ற பதிவுகளும் நிலைக்குமா? ஆயிரக்கணக்கான வரிகளை மொத்தமாக ஏற்றும்போது தாங்குமா? நாளை வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் எவ்வளவு திருத்தி எழுத வேண்டும்?

இந்த ஐந்துக்கும் அடித்தளமாக ஒன்று இருக்கிறது. ‘ஒரு தேதிக்கு, ஒரு பூவுக்கு, ஒரே பதிவு’ என்ற விதியை அட்டவணையே காக்க வேண்டும். அதாவது நாள், பூ ஆகிய இரண்டு புலங்களையும் சேர்த்து ஒரு யூனிக் கட்டுப்பாடு (அதே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் விதி) போட்டிருக்க வேண்டும். இப்படிப் பதிவை அடையாளம் காட்டும் புலங்களைச் சாவி என்பார்கள். அது இல்லாத அட்டவணையில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’ (சாவி மோதினால் திருத்து) எந்த எச்சரிக்கையும் தராமல் ஒவ்வொரு முறையும் புதிய பதிவைச் சேர்த்துக்கொண்டே போகும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் பரவாயில்லை, நீங்கள் சொல்லும் புலங்களுக்குப் பொருந்தும் கட்டுப்பாடு இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடும்.

கட்டுப்பாடு போட்ட பிறகும் இரண்டு ஓட்டைகள் மிஞ்சுகின்றன. முதலாவது பெயர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூவின் பெயர் ‘மதுரை மல்லி’. கடைக்காரர் ‘மல்லி’ என்று அடிப்பார், அவர் மகன் ‘மல்லிகை’ என்று அடிப்பார். டேட்டாபேஸுக்கு இவை மூன்று வெவ்வேறு பூக்கள். ஆகவே சாவியில் பெயரை வைக்காமல் ஒரு குறியீட்டு எண்ணை வையுங்கள். இரண்டாவது, வெற்று மதிப்பு, அதாவது ‘நல்’ (NULL). தரம் என்ற புலத்தையும் சாவியில் சேர்த்து, அரளிக்குத் தரம் கிடையாது என்று அதைக் காலியாக விட்டால், போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றும் ஒரு வெற்று மதிப்பை இன்னொரு வெற்று மதிப்புக்குச் சமமாகக் கொள்ளாது. அரளிக்கு மட்டும் பதிவுகள் குவிந்துகொண்டே போகும். போஸ்ட்கிரஸ் 15 முதல் வெற்று மதிப்புகளையும் சமமாகக் கருதும்படி கட்டுப்பாட்டிலேயே சொல்லலாம். மற்றவற்றில் ‘பொது’ என்றோ 0 என்றோ ஒரு மதிப்பைக் கட்டாயமாக்குவது நல்லது.

வழி 1: தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது

செலக்ட் செய்து பார்ப்பது. பதிவு கிடைத்தால் அப்டேட் (திருத்தும் கட்டளை), கிடைக்காவிட்டால் இன்சர்ட். புதிதாக எழுதுகிற எவருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். படித்தால் புரியும், எந்த டேட்டாபேஸிலும் ஓடும்.

கடையில் இரண்டு கல்லாக்கள் இருக்கும் காலை நேரத்தில் இதை ஓட்டிப் பாருங்கள். முதல் கல்லா பிச்சிப்பூவைத் தேடுகிறது. இன்றைய தேதிக்குப் பதிவு இல்லை. அதே கணத்தில் இரண்டாவது கல்லாவும் தேடுகிறது. அதற்கும் இல்லை என்றே பதில். இரண்டும் இன்சர்ட் செய்கின்றன. யூனிக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவது கல்லாவின் திரையில் பிழை வரும். இல்லையென்றால் பிச்சிக்கு இரண்டு விலை இருக்கும்; பில் எந்த விலையை எடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

‘பரிவர்த்தனைக்குள் (பல கட்டளைகளை ஒரே வேலையாகக் கட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள்) போட்டுவிட்டேனே’ என்று சிலர் சொல்வார்கள். ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்பதைத் தனிமை நிலை தீர்மானிக்கும். ரீட் கமிட்டட் என்ற வழக்கமான தனிமை நிலையில் அது உதவாது. தேடும்போதே ‘ஃபார் அப்டேட்’ போட்டுப் பூட்டலாம் என்றால், போஸ்ட்கிரஸில் இல்லாத பதிவைப் பூட்ட முடியாது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, ரிப்பீட்டபிள் ரீட் என்ற தனிமை நிலையில், பதிவு இருக்க வேண்டிய இடைவெளியைப் பூட்டும். ஆனால் இரண்டு பரிவர்த்தனைகளும் அதே இடைவெளியை ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ள முடியும். பிறகு இரண்டும் இன்சர்ட் செய்ய முயன்று ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். டேட்டாபேஸ் அந்த முட்டுக்கட்டையைக் கண்டுபிடித்து ஒன்றைத் தள்ளுபடி செய்யும்.

இதுவே சிறந்த வழியாகும் இடங்களும் உண்டு. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு விவசாயி இருக்கிறார், அவர்தானா?’ என்று மனிதரிடம் கேட்டு முடிவு செய்யும் படிவங்களில் முதலில் தேடித்தான் ஆக வேண்டும். எஸ்க்யூலைட் வைத்துக் கைப்பேசியில் ஓடும் செயலிகளிலும் இது பாதுகாப்பானதே. அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ‘பிகின் இம்மீடியட்’ என்று பரிவர்த்தனையைத் தொடங்கினால் தேடுவதற்கு முன்பே எழுதும் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடும்.

வழி 2: முயன்று பார்த்து, தவறினால் மாற்றுவது

இதில் இரண்டு உருவங்கள். முதலில் அப்டேட் செய்து, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்த்து, பூஜ்யம் என்றால் இன்சர்ட் செய்வது ஒன்று. முதலில் இன்சர்ட் செய்து, சாவி மோதினால் பிழையைப் பிடித்துக்கொண்டு அப்டேட் செய்வது மற்றொன்று. விலை அட்டவணையில் முதல் பதிவுக்குப் பிறகு நாள் முழுவதும் வருவது திருத்தம்தான். அங்கே முதல் உருவம் ஒரே கட்டளையில் வேலையை முடித்துவிடும். பெரும்பாலும் புதிய பதிவுகளே வரும் அட்டவணைக்கு இரண்டாவது உருவம் ஏற்றது.

மறைந்திருக்கும் செலவு டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறுகிறது. மைஎஸ்க்யூஎல் வழக்கமாக, பொருந்திய பதிவுகளை விட்டுவிட்டு மதிப்பு உண்மையில் மாறிய பதிவுகளை மட்டுமே எண்ணித் தருகிறது. மல்லி 800 ரூபாய் என்று இருக்கும்போது மறுபடியும் 800 என்றே அனுப்பினால் பதில் பூஜ்யம். நிரல் அதைப் ‘பதிவே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு இன்சர்ட் செய்யப்போய்ப் பிழையில் விழும். பொருந்தியவற்றை எண்ணித் தரும்படி இணைப்பிலேயே ஓர் அமைப்பு உண்டு. அது தெரியாதவர்கள், எப்போதோ ஒருமுறை மட்டும் வரும் இந்தப் பிழையை வாரக்கணக்கில் தேடுகிறார்கள்.

போஸ்ட்கிரஸில் தொல்லை வேறு. பரிவர்த்தனைக்குள் ஒரு கட்டளை பிழையானால் அந்தப் பரிவர்த்தனை முழுவதும் முடங்கிவிடும். பின்னால் வரும் எந்தக் கட்டளையையும் அது ஏற்காது. இன்சர்ட்டுக்கு முன் ஒரு சேவ்பாயின்ட் வைத்து, பிழை வந்தால் அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு பதிவுக்கு இது பெரிய செலவில்லை. பல்லாயிரம் வரிகளுக்கு ஒவ்வொன்றாகச் செய்தால் நேரம் இழுத்துக்கொண்டு போகும்.

எஸ்க்யூஎல் சர்வர் போன்று, வழி 4-இல் வரும் ‘மோதினால் திருத்தும் இன்சர்ட்’ இல்லாத இடங்களில் இந்த வழிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கே அப்டேட் கட்டளையிலேயே ‘அப்ட்லாக்’, ‘செரியலைசபிள்’ என்ற இரண்டு பூட்டுக் குறிப்புகளையும் கொடுத்து, அதே பரிவர்த்தனையில் இன்சர்ட் செய்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

வழி 3: ரிப்ளேஸ்

மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் உண்டு. எழுதுவதற்கு இவ்வளவு சுருக்கமான வழி வேறில்லை. எனக்கு இதன்மேல் நம்பிக்கை கிடையாது, காரணம் சொல்கிறேன்.

ரிப்ளேஸ் எந்தப் பதிவையும் திருத்துவதில்லை. மோதும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிய பதிவை வைக்கிறது. நீங்கள் குறிப்பிடாத புலங்களுக்குப் பழைய மதிப்பு போய் இயல்பு மதிப்பு வந்து உட்காரும். விவசாயியின் கைப்பேசி எண்ணை மட்டும் மாற்ற நினைத்து ரிப்ளேஸ் செய்தால் அவர் ஊர், வங்கிக் கணக்கு, சேர்ந்த தேதி எல்லாம் காலியாகும். தானாக ஏறும் எண்ணைச் சாவியாக வைத்திருந்தால் அந்த எண்ணும் மாறும்.

இதைவிடக் கொடியது சார்ந்த பதிவுகள். வரவு அட்டவணை விவசாயி அட்டவணையை அயல் சாவியால் (வேறு அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலத்தால்) பிடித்துக்கொண்டிருக்கிறது, அதில் ‘அழித்தால் கூடவே அழி’ என்ற விதியும் இருக்கிறது என்று வையுங்கள். கைப்பேசி எண்ணைத் திருத்தப்போன ஒரு ரிப்ளேஸ், வலையங்குளத்துக்காரர் ஒருவர் பல மாதங்களாக இறக்கிய பூவின் கணக்கு முழுவதையும் துடைத்துவிடும். எஸ்க்யூலைட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு: ரிப்ளேஸ் அழிக்கும் பதிவுகளுக்கு, ரிகர்சிவ் டிரிகர் அமைப்பு போடப்படாதவரை டெலீட் டிரிகர்கள் (பதிவு அழியும்போது தானாக ஓட வேண்டிய கட்டளைகள்) ஓடா. அழிவதை டிரிகர் வைத்துக் குறித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தால் அந்தக் குறிப்பும் இருக்காது.

எல்லாப் புலங்களையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த அட்டவணையும் சாராத தற்காலிகச் சேமிப்பில் எழுதுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பெயர், பணம், வரவு சம்பந்தப்பட்ட அட்டவணையில் வேண்டாம்.

வழி 4: மோதினால் திருத்தும் இன்சர்ட்

‘அப்ஸர்ட்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். மைஎஸ்க்யூஎல்லில் 4.1 பதிப்பிலேயே ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’ வந்துவிட்டது. போஸ்ட்கிரஸில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் வந்தது. எஸ்க்யூலைட் 2018-இல், 3.24 பதிப்பில், போஸ்ட்கிரஸின் நடையையே எடுத்துக்கொண்டது. போஸ்ட்கிரஸில் விலைக் கட்டளையின் உருவம் இப்படி இருக்கும். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், அட்டவணை, புலப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்:

இன்சர்ட் இன்டு பூ_விலை (நாள், பூ, விலை, நேரம்) வேல்யூஸ் (...)
ஆன் கான்ஃப்ளிக்ட் (நாள், பூ) டூ அப்டேட்
செட் விலை = எக்ஸ்க்ளூடட்.விலை, நேரம் = எக்ஸ்க்ளூடட்.நேரம்
வேர் பூ_விலை.நேரம் < எக்ஸ்க்ளூடட்.நேரம்

‘எக்ஸ்க்ளூடட்’ என்பது உள்ளே வர முயன்று மோதிய புதிய பதிவு. இரண்டு கல்லாக்களும் ஒரே கணத்தில் அனுப்பினாலும் ஒன்று சேர்க்கும், மற்றது திருத்தும்; சாவி மோதல் பிழை எழாது. பழைய பதிவின் எண்ணும், குறிப்பிடாத புலங்களும் அப்படியே இருக்கும். நிலைத் தகவலுக்கு என் தேர்வு இதுதான்.

‘வேர்’ (WHERE) என்று நிபந்தனை போடும் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காலை ஆறு மணிக்குச் சிக்னல் இல்லாமல் ஒரு கைப்பேசியில் தேங்கிய விலை, ஒன்பது மணிக்கு வந்து சேரும். வேர் நிபந்தனை இல்லையென்றால் எட்டரை மணிக்கு முதலாளி போட்ட புது விலையின்மேல் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் கட்டளையில் வேர் வைக்க இடமில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் ‘இஃப்’ போட்டு நேரத்தை ஒப்பிட வேண்டும். அங்கே புலங்கள் இடமிருந்து வலமாக மதிப்பிடப்படுவதால் நேரப் புலத்தைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும். முதலில் மாற்றிவிட்டால், விலையை ஒப்பிடும்போது பழைய நேரம் இருக்காது.

மறைந்த செலவுகளில் பெரியது, எந்தச் சாவியில் மோதினால் திருத்துவது என்பது. போஸ்ட்கிரஸில் திருத்த வேண்டிய மோதலை நீங்களே குறிப்பிட வேண்டும்; வேறு கட்டுப்பாட்டில் மோதினால் பிழை வரும். மைஎஸ்க்யூஎல் எந்த யூனிக் சாவியில் மோதினாலும் திருத்திவிடும். விவசாயி அட்டவணையில் குறியீடும் யூனிக், கைப்பேசி எண்ணும் யூனிக் என்று வையுங்கள். நம் கிராமங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே எண்ணைக் கொடுப்பது சாதாரணம். தம்பியைப் புதிய குறியீட்டில் சேர்க்கப் போகிறீர்கள். கைப்பேசி எண் அண்ணனுடையதோடு மோதுகிறது. தம்பியின் பெயரும் வங்கிக் கணக்கும் அண்ணனின் பதிவில் ஏறிவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது. அடுத்த பட்டுவாடாவில் அண்ணனின் பூவுக்குரிய பணம் தம்பியின் கணக்குக்குப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட யூனிக் சாவிகள் உள்ள அட்டவணையில் இந்தக் கட்டளையைத் தவிர்க்கும்படி மைஎஸ்க்யூஎல் ஆவணமே அறிவுறுத்துகிறது.

அடுத்தது எண் விரயம். தானாக ஏறும் எண், மோதல் தெரிவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதிவு சேராமல் திருத்தமாக முடிந்தாலும் அந்த எண் திரும்பி வராது. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் இதே கதைதான். கீழமாசி வீதி மொத்தக் கடை ஒன்றுக்கு ஐயாயிரம் பொருட்களின் விலையை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் புதுப்பித்தால் ஒரு நாளில் 72 லட்சம் எண்கள் கரையும். சாதாரண முழு எண் புலத்தின் உச்சம் 214 கோடிச் சொச்சம். முந்நூறு நாட்களுக்குள் அது தீர்ந்துவிடும். இந்த எண்ணையே பில் எண்ணாக வைத்திருந்தால் தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். ஜி.எஸ்.டி. விதிப்படி விலைப்பட்டியல் எண் இடையறாத வரிசையில் வர வேண்டும். பில் எண்ணுக்குத் தனி எண்ணி வையுங்கள்.

போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு அப்டேட்டும் பதிவின் புதிய பிரதி ஒன்றை எழுதுகிறது. பழைய பிரதியை ‘வேக்யூம்’ என்ற துப்புரவு வேலை பிறகு அப்புறப்படுத்தும். மாறாத விலையை மாறாமலே திரும்பத் திரும்ப எழுதுவது அட்டவணையை வீங்க வைக்கும். விலை உண்மையில் மாறியிருந்தால் மட்டும் திருத்து என்று வேர் நிபந்தனையில் சேர்த்துவிடலாம். மொத்தமாக ஏற்றும்போது ஒரே கட்டளையில் ஒரே சாவி இருமுறை வந்தால், ஒரு பதிவை இரண்டாம் முறை தொட முடியாது என்று போஸ்ட்கிரஸ் மறுக்கும். ஆகவே ஏற்றும் முன் இரட்டைகளை நீக்க வேண்டும்.

‘டூ நத்திங்’ என்ற உருவமும் உண்டு: மோதினால் எதுவும் செய்யாதே. இது வழி 6-இல் உதவப்போகிறது. மைஎஸ்க்யூஎல்லில் இதற்குப் பதிலாக ‘இன்சர்ட் இக்னோர்’ பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். சாவி மோதலோடு தவறான மதிப்புகள் போன்ற வேறு பல பிழைகளையும் அது வெறும் எச்சரிக்கையாக இறக்கிவிடுகிறது.

வழி 5: மெர்ஜ்

எஸ்க்யூஎல் தரநிலையில் 2003-இல் இடம்பெற்ற கட்டளை. ஆரக்கிள் 9ஐ பதிப்பிலும், எஸ்க்யூஎல் சர்வர் 2008-லும், போஸ்ட்கிரஸ் 2022-இல் வெளியான 15 பதிப்பிலும் சேர்த்துக்கொண்டன. மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் இல்லை.

மெர்ஜின் பலம் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது. கிளைக் கடையின் பட்டியல் ஒன்று, தலைமைக் கடையின் அட்டவணை ஒன்று: பொருந்தினால் திருத்து, பொருந்தாவிட்டால் சேர், ‘நிறுத்தப்பட்டது’ என்று குறியிருந்தால் அழி. மூன்றையும் ஒரே கட்டளையில் சொல்லலாம். மொத்த ஏற்றத்தில் இதன் தெளிவுக்கு ஈடில்லை.

தரநிலையில் இருப்பதாலேயே இது பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே புதிய சாவியை மெர்ஜ் செய்தால், போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் ஒருவருக்குச் சாவி மோதல் பிழை வரலாம். எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஹோல்ட்லாக்’ என்ற பூட்டுக் குறிப்பு இல்லாமல் எழுதினால் அதே கதி. போஸ்ட்கிரஸில் நேரடியாகக் கல்லாவிலிருந்து வரும் ஒற்றைப் பதிவுக்கு ஆன் கான்ஃப்ளிக்ட்டையும், இரவில் ஒரே ஆள் ஓட்டும் மொத்த வேலைக்கு மெர்ஜையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வழி 6: திருத்தாமல் சேர்த்துக்கொண்டே போவது

கடையில் சிட்டையும் இருக்கும், பேரேடும் இருக்கும். சிட்டையில் நடந்தது நடந்தபடி வரிவரியாக ஏறும். எழுதியதை யாரும் அழிப்பதில்லை. பேரேடு அதிலிருந்து கூட்டி எடுக்கப்படுகிறது. வரவுக் கணக்குக்கு டேட்டாபேஸிலும் இந்த முறைதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு விவசாயி ஒரே நாளில் இரண்டு மூட்டை இறக்குகிறார்: முதலில் 12 கிலோ, பிறகு 8 கிலோ. அப்ஸர்ட் பிரியர்கள் ‘இன்றைய பதிவு இருந்தால் எடை = எடை + 8’ என்று எழுதுவார்கள். சிக்னல் போய்ச் செயலி மறுபடி அனுப்பினால் 20 கிலோ 28 ஆகிவிடும். பதிவில் இருப்பது கூட்டுத்தொகை மட்டும். எந்த 8 இரண்டு முறை ஏறியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கடைக்கு நஷ்டம் வந்தாலும் விவசாயிக்கு நஷ்டம் வந்தாலும் மிஞ்சுவது வாய்ச்சண்டைதான்.

மாறாக, எடை போடும் கணத்தில் கைப்பேசியே ஒரு சீட்டு எண்ணை உருவாக்கட்டும். அந்தச் சீட்டு எண்ணை யூனிக் சாவியாக வைத்து, ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ என்று சேருங்கள். எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் ஒரு சீட்டு ஒரே பதிவு. எடை தவறாகப் போடப்பட்டிருந்தால் பழைய வரியைத் தொடாமல், அதைக் கழிக்கும் வரி ஒன்றும் சரியான வரி ஒன்றும் சேருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகிவிடும்.

செலவுகள் இதற்கும் உண்டு. அட்டவணை வளர்ந்துகொண்டே போகும். மொத்தம் வேண்டும்போதெல்லாம் கூட்ட வேண்டும். தேடலை விரைவாக்கும் சரியான இன்டெக்ஸ் இல்லையென்றால் மாதக் கடைசிப் பட்டுவாடாவின்போது மெதுவாகும். நாள் முடிவில் கூட்டுத்தொகையைத் தனி அட்டவணையில் எழுதி வைப்பது இதைத் தீர்க்கும். அந்தத் தொகை ஒரு நிலை என்பதால் அங்கே வழி 4 பொருந்தும். மேலும், போஸ்ட்கிரஸில் டூ நத்திங்கோடு, எழுதிய பதிவைத் திருப்பிக் கேட்கும் ‘ரிட்டர்னிங்’ போட்டால் மோதிய பதிவுக்கு எதுவும் திரும்பி வராது. பதில் காலியாக இருப்பதைத் தோல்வி என்று செயலி எடுத்துக்கொள்ளாதபடி எழுத வேண்டும்.

ஒரே பார்வையில்

| வழி | இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் | மறுபடி ஓடினால் | பழைய பதிவு | மொத்த ஏற்றம் | எங்கே கிடைக்கும் |
|---|---|---|---|---|---|
| தேடி எழுதுவது | மோதல் வரும் | அதே முடிவு | நிலைக்கும் | மெதுவானது | எல்லாவற்றிலும் |
| முயன்று மாற்றுவது | பிழையைப் பிடித்தால் சரி | அதே முடிவு | நிலைக்கும் | மெதுவானது | எல்லாவற்றிலும் |
| ரிப்ளேஸ் | மோதல் பிழை இல்லை | தானேறும் எண் மாறலாம் | அழியும் | வேகமானது | மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் |
| மோதினால் திருத்து | பாதுகாப்பானது | அதே முடிவு. கூட்டல் மட்டும் தவறும் | நிலைக்கும் | வேகமானது | போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் |
| மெர்ஜ் | பூட்டுக் குறிப்பு அல்லது மறுமுயற்சி வேண்டும் | அதே முடிவு. கூட்டல் மட்டும் தவறும் | நிலைக்கும் | மிக நல்லது | ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ் |
| சேர்த்துக்கொண்டே போவது | பாதுகாப்பானது | சீட்டு எண் இருந்தால் அதே முடிவு | தொடப்படாது | வேகமானது | எல்லாவற்றிலும். மோதலைக் கையாளும் நடை மாறும் |

எந்தச் சூழலுக்கு எது

விலை, இருப்பு நிலவரம், முகவரி, கைப்பேசி எண் போன்றவற்றுக்கு, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸோ எஸ்க்யூலைட்டோ என்றால் தயங்காமல் ஆன் கான்ஃப்ளிக்ட். மைஎஸ்க்யூஎல் என்றால், அட்டவணையில் ஒரே ஒரு யூனிக் சாவி மட்டும் மோதக்கூடியதாக இருக்கும்போது ஆன் டூப்ளிகேட் கீ. ஒன்றுக்கு மேல் இருந்தால் வழி 2-க்குப் போங்கள். இன்னும் நல்லது, கைப்பேசி எண்ணின்மேல் யூனிக் கட்டுப்பாடு உண்மையிலேயே தேவையா என்று யோசிப்பது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம்.

எடை, பணம், பட்டுவாடா, கடன், முன்பணம் எதுவானாலும் வழி 6. கடை சிறியது, ஒரே கல்லாதான் என்ற காரணத்துக்காக இதை விடாதீர்கள். தை முகூர்த்தங்கள் தொடங்கியதும் இரண்டாவது கல்லா வரும். அப்போது நெரிசலுக்கு நடுவே அட்டவணையை மாற்றி அமைக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் மொத்த ஏற்றத்துக்கு மெர்ஜ். அங்கும் வந்த கோப்பை நேராக முதன்மை அட்டவணையில் கொட்டாமல், ஒரு தற்காலிக அட்டவணையில் இறக்கி, இரட்டைகளை நீக்கி, பூக் குறியீடு சரிதானா என்று பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். ஒரே சாவிக்கு இரண்டு வரிகள் வந்தால் ஆரக்கிள் நிலையான பதிவுத் தொகுதி கிடைக்கவில்லை என்று பிழை தந்து நின்றுவிடும். அந்தப் பிழை இரவு இரண்டு மணிக்கு வந்தால் காலை ஆறு மணிக் கடைக்குப் பழைய விலையே மிஞ்சும்.

தேர்ந்தெடுத்த வழி எதுவானாலும் கடையில் வைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். டேட்டாபேஸுக்கு இரண்டு திரைகளைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டிலும் பரிவர்த்தனையைத் தொடங்கி, முதல் திரையில் இன்றைய தேதிக்குச் சம்பங்கியைச் சேருங்கள், ஆனால் கமிட் செய்யாதீர்கள், அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தாதீர்கள். இரண்டாவது திரையில் அதே சம்பங்கிக்கு வேறு விலையை அனுப்புங்கள். அது காத்து நிற்க வேண்டும். இப்போது முதல் திரையில் கமிட் செய்யுங்கள். இரண்டாவது திரை பிழையோடு திரும்புகிறதா, திருத்திவிட்டுத் திரும்புகிறதா, இல்லை இரண்டாவது சம்பங்கி ஒன்றைச் சேர்த்துவிடுகிறதா என்று பாருங்கள். பிறகு கமிட்டுக்குப் பதிலாக முதல் திரையில் ரோல்பேக் (மாற்றத்தை ரத்து) செய்தும் ஒருமுறை பாருங்கள்.